படத்தொகுப்பும் பார்ப்பவர் மனமும்: வன்னியில் படம் எடுப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கமராவைக் கையில் எடுத்த இளையோர் பலர் கலியாண வீட்டில் தொடங்கி, கோயில் திருவிழாவுக்கும் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கும் போய், அதன் பிறகே குறும்படத்துக்கு வந்து சேருகிறார்கள். நானும் அந்த வழியால் வந்தவன். எடுத்த காட்சிகளை எப்படி அடுக்குவது, அடுக்கிய விதம் பார்ப்பவரை என்ன செய்யும் என்பவையே தொகுப்பு மேசையில் என் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள். அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

படத்தொகுப்பு என்பது வேண்டாததை வெட்டிக் கழிப்பதுதானே?

கழிப்பது அதில் ஒரு சிறு பங்கு மட்டுமே. சூடடித்த நெல்லைத் தூற்றினால் பதர் பறந்துவிடும். களத்தில் விழுந்த நெல், தூற்றுவதற்கு முன் இருந்த அதே நெல்தான். ஷொட், அதாவது கமரா ஓடத் தொடங்கி நிற்கும் வரை வெட்டில்லாமல் எடுத்த துண்டு, அப்படிப்பட்டதன்று. அதற்கு முன்னால் எது வருகிறது, பின்னால் எது வருகிறது என்பதைப் பொறுத்து அதன் பொருளே மாறிவிடும். 1895இல் லூமியே சகோதரர்கள் பாரிசில் திரையிட்ட படங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 செக்கன் ஓடும் ஒற்றை ஷொட்டுகளாக இருந்தன. அங்கே தொகுப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. ஒரு ஷொட்டை இன்னொன்றுடன் ஒட்டி, இரண்டிலும் தனித்தனியே இல்லாத ஒன்றைப் பார்ப்பவர் மனத்தில் எழுப்பலாம் என்று கண்டுகொண்ட பிறகுதான் சினிமா தனக்கென ஒரு மொழியைப் பெற்றது.

அடுத்தடுத்து வைக்கும் இரண்டு ஷொட்டுகள் மனத்தில் என்ன செய்கின்றன?

சோவியத் இயக்குநர் லெவ் கூலெஷோவ், முதல் உலகப் போரை அடுத்து வந்த ஆண்டுகளில் ஒரு பரிசோதனை செய்தார். இவான் மோஸ்ஜூகின் என்ற நடிகரின் சலனமற்ற முகத்தை எடுத்து, அதனை ஒரு கோப்பை சூப்புடனும், சவப்பெட்டியில் கிடக்கும் உடலுடனும், சாய்ந்திருக்கும் ஒரு பெண்ணுடனும் மாறி மாறி ஒட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டு, நடிப்பை வியந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. முகம் மூன்று முறையும் ஒன்றேதான். உணர்ச்சியைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்தவர்கள் பார்வையாளர்கள்.

இதனை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே ஒரு தவறின் மூலம் அறிந்துகொண்டேன். தொகுக்கத் தொடங்கிய காலத்தில் ஓர் ஊரின் நினைவுநாள் நிகழ்வைத் தொகுத்தேன். எடுத்து வந்த காட்சிகளில் ஓர் அம்மாவின் குளோசப் இருந்தது. சேலைத் தலைப்பை வாயில் பொத்தியபடி, கண் இமைக்காமல் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்கு அடுத்ததாக, மாலையிட்ட படங்கள் வரிசையாக இருந்த மேசையை வைத்தேன். பார்த்தவர்கள் அந்த இடத்தில் அழுதார்கள். சில நாள்களின் பின் அந்த அம்மாவுக்கே போட்டுக் காட்டினேன். "தம்பி, நான் அப்ப அந்தப் படங்களப் பாக்கேல்ல. கடைசி பஸ் போயிடுமோ எண்டு றோட்டப் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றார். பிறகு, "என்ர பிள்ளையின்ர படம் அந்த மேசையில இல்லை. அவன்ர படம் ஒண்டும் எங்களிட்ட மிஞ்சேல்ல" என்றார்.

மேசையை எடுத்துவிட்டு, அவர் பார்த்த வீதியை அடுத்து வைத்தேன். அந்த இடம் முன்னர் போல் இல்லை என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி. முன்னர் அதிலிருந்த அழுகையை அவர் தரவில்லை, நான் அவர் முகத்தில் ஒட்டியிருந்தேன். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் அந்த மேசை என் நினைவில் இருக்கிறது.

நல்ல வெட்டு ஏன் கண்ணில் படுவதில்லை? சில வெட்டுகள் ஏன் உறுத்துகின்றன?

தேர்த் திருவிழா ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் தெற்கு வீதியில் போகிறது. ஒருவர் வீதியின் கோயில் பக்கம் நின்றும் மற்றவர் எதிர்ப்பக்கம் நின்றும் படம்பிடிக்கிறார்கள். இரண்டையும் ஒட்டினால், முதல் ஷொட்டில் இடமிருந்து வலமாகப் போன தேர் அடுத்த ஷொட்டில் வலமிருந்து இடமாகப் போகும். தேர் திரும்பிவிட்டதோ என்று பார்ப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். வடம் பிடித்த கூட்டத்தின் ஆரவாரமும் அவரது பக்தியும் அந்தக் கணத்தில் அறுந்துபோகும். இயக்கம் நிகழும் திசையில் ஒரு கோட்டைக் கற்பனை செய்து, கமராக்கள் எல்லாம் அதன் ஒரே பக்கம் நிற்க வேண்டும் என்ற 180 பாகை விதி இதற்காகவே ஏற்பட்டது. கோட்டைத் தாண்டியே ஆக வேண்டுமானால், தேர் நேரே கமராவை நோக்கி வரும் ஒரு ஷொட்டை நடுவில் வையுங்கள். அதற்கு இடமும் இல்லை, வலமும் இல்லை.

இரண்டாவது வழி, அசைவின் நடுவில் வெட்டுவது. குனிந்து தேங்காயை ஓங்கும் கையில் வெட்டி, அது கல்லில் விழுவதை வேறொரு கோணத்தில் காட்டினால், கண் அசைவைத் தொடர்ந்து போகுமே தவிர வெட்டைக் கவனிக்காது. ஒரே ஆளை அதே தூரத்தில் சற்று மாறிய கோணத்தில் எடுத்து ஒட்டினால் உருவம் துள்ளும்; குறைந்தது 30 பாகையாவது நகர வேண்டும் என்பது பழைய பாடம்.

நம் கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் கணத்தில் மூளை பார்வையை மங்கச் செய்துவிடுகிறது. இமைக்கும்போதும் உலகம் அறுபட்டதாக நாம் உணர்வதில்லை. ஆகவே மனிதக் கண்ணுக்கு வெட்டு புதிதன்று. அமெரிக்கத் தொகுப்பாளர் வோல்டர் மேர்ச், 1974இல் வெளிவந்த ஒரு படத்தைத் தொகுத்தபோது, தான் வெட்ட நினைத்த இடங்களுக்கு மிக அருகிலேயே நடிகர் ஜீன் ஹக்மன் இமைப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டார். ஓர் எண்ணம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மனிதர் இமைக்கிறார் என்று அதிலிருந்து அவர் விளங்கிக்கொண்டார். உங்கள் காட்சிகளில் பேசுபவரின் இமைகளைக் கவனியுங்கள். எங்கே வெட்டலாம் என்பதை அவை சொல்லும்.

தொடர்ச்சி பிசகாத ஷொட், உணர்ச்சி மிகுந்த ஷொட் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டி வந்தால்?

உணர்ச்சியைத் தெரிவு செய்யுங்கள். மேர்ச் ஆறு அளவுகோல்களை வகுத்து ஒவ்வொன்றுக்கும் நூற்றில் எவ்வளவு என்றும் சொன்னார். உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்ப்பவரின் கண் திரையில் எங்கே நிற்கிறது என்பதற்கு 7, தட்டையான திரையில் இட வலத் திசை ஒழுங்குக்கு 5, ஆள்கள் நிற்கும் இடத்தின் முப்பரிமாணத் தொடர்ச்சிக்கு 4. முதலாவது மற்ற ஐந்தையும் விடக் கனமானது என்பதே இந்தக் கணக்கின் உட்பொருள்.

முல்லைத்தீவுப் பகுதியில் ஆடப்படும் கோவலன் கூத்தை இரண்டு இரவுகள் படம்பிடித்தோம். கண்ணகி வழக்குரைக்கும் கட்டத்தில், முதல் இரவில் ஆட்டக்காரரின் நெற்றிச்சுட்டி நேராக இருந்தது, இரண்டாம் இரவில் சரிந்திருந்தது. குரலோ இரண்டாம் இரவில்தான் எழுந்து நின்றது. முகத்துக்கு இரண்டாம் இரவையே வைத்தோம். சுட்டி சரிந்ததை இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு ஷொட்டை எவ்வளவு நேரம் வைத்திருப்பது?

ஹொலிவூட் படங்களில் 1930 முதல் 1960 வரை ஒரு ஷொட்டின் சராசரி நீளம் 8 முதல் 11 செக்கன் வரை இருந்தது என்று திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் கணக்கிட்டார். 1990களின் பிற்பகுதியில் அது 3 முதல் 6 செக்கனாகக் குறைந்துவிட்டது. கைத்தொலைபேசியில் வளர்ந்த நம் பிள்ளைகள் இன்னும் விரைவாக வெட்டுகிறார்கள். விரைவு தவறன்று. கரைவலை இழுக்கும்போது கடைசியில் மடி கரையை நெருங்க நெருங்க, கைகள், கயிறு, மணலில் ஊன்றிய கால்கள், துள்ளும் மீன் என்று ஷொட்டுகள் குறுகிக்கொண்டே போனால் பார்ப்பவரின் மூச்சும் சேர்ந்து ஏறும். ஆனால் அந்த ஏற்றம் தெரிவதற்கு, தொடக்கத்தில் வலை மெல்ல நகரும் நீளமான ஷொட் இருந்திருக்க வேண்டும். முதலிலிருந்தே ஓடினால் ஓட்டமும் நடையாகிவிடும்.

நீண்ட ஷொட்டின் வலிமையை நம் இளையோர் குறைத்து மதிக்கிறார்கள் என்பது என் எண்ணம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலை முன்னிட்டுக் கடல்நீர் எடுத்து வந்து முள்ளியவளையில் விளக்கேற்றுவார்கள். அந்தச் சுடரை நான்கு செக்கன் காட்டி வெட்டினால், விளக்கு எரிகிறது என்ற செய்தி போய்ச் சேரும். இருபது செக்கன் வைத்துப் பாருங்கள். ஐந்தாவது செக்கனில் பார்ப்பவர் அடுத்தது என்ன என்று எதிர்பார்ப்பார். பத்தாவதில் சற்றுப் பொறுமை இழப்பார். பதினைந்து தாண்டும்போது சுடரின் நடுக்கமும், திரியைச் சுற்றி நிற்கும் நீரும், பின்னால் நிற்கும் வயோதிபரின் உதடு அசைவதும் கண்ணில் படத் தொடங்கும். அதற்குமேல் அவர் பார்ப்பதைத் தானே தெரிவு செய்கிறார். நாம் சுட்டிக்காட்டியிருந்தால் இவ்வளவையும் பார்த்திருக்க மாட்டார்.

இரண்டு இடங்களில் நடப்பதை மாறி மாறிக் காட்டுவதால் என்ன பயன்?

இணைவெட்டு எனப்படும் இந்த முறையை அமெரிக்க இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித் வலுவான கருவியாக்கினார். 1916இல் அவர் எடுத்த ஒரு படம் வெவ்வேறு காலங்களில் நிகழும் நான்கு கதைகளை மாறி மாறிச் சொன்னது. பதற்றத்தை ஏற்றுவது இதன் ஒரு பயன். மாரியில் குளம் வான் பாயத் தொடங்குவதையும், அது தெரியாமல் வயலின் தாழ்ந்த பக்கத்தில் மாட்டைத் தேடும் சிறுவனையும் மாறி மாறிக் காட்டினால், அவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருப்பதே நம்மை வருத்தும்.

இதைவிட ஆழமான பயன் ஒப்பீடு. 1972இல் வந்த கோட்ஃபாதர் படத்தில், தேவாலயத்தில் நடக்கும் ஞானஸ்நானமும் ஊரெங்கும் நடக்கும் கொலைகளும் இணைவெட்டாக வருகின்றன. சாத்தானைத் துறக்கிறாயா என்ற கேள்விக்கு, ஞானத்தந்தையாக நிற்கும் கதைநாயகன் மைக்கேல் ஆம் என்று சொல்லும் வேளையில் அவன் ஆணையிட்ட கொலைகளை நாம் பார்க்கிறோம். அவனைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல் படம் தீர்ப்பு வழங்கிவிடுகிறது.

நேரத்தை நீட்டவும் சுருக்கவும் முடியுமா?

முடியும். சேர்கெய் ஐசென்ஸ்டைனின் 1925ஆம் ஆண்டுப் படமான பொட்டெம்கினில், ஒடெசா நகரப் படிக்கட்டில் மக்கள் சுடப்படும் காட்சி, நிஜத்தில் எடுக்கக்கூடிய நேரத்தைவிட மிக நீளமானது. உருளும் குழந்தை வண்டியும், இறங்கும் சப்பாத்துகளும், அலறும் முகங்களும் மீண்டும் மீண்டும் வர, படிகள் முடிவதே இல்லை. அச்சத்தில் நிற்பவருக்கு நேரம் அப்படித்தான் நகரும். மறுபுறம், 1968இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த விண்வெளிப் படத்தில், ஆதி மனிதக் குரங்கு மேலே எறிந்த எலும்பு ஒரே வெட்டில் விண்கலமாகிறது. வடிவ ஒற்றுமையால் பல இலட்சம் ஆண்டுகள் ஒரு வெட்டுக்குள் அடங்கிவிடுகின்றன.

துள்ளல் வெட்டைப் பலரும் விரும்பிக் கேட்கிறார்கள். பிரெஞ்சு இயக்குநர் கோதார் 1960இல் தன் முதல் முழுநீளப் படத்தில் ஒரே ஷொட்டின் நடுப்பகுதிகளை வெட்டி எடுத்தபோது, அந்த உறுத்தல் பாத்திரங்களின் அமைதியின்மைக்குப் பொருந்தியது. பொருந்தாத இடத்தில் அது வெறும் பிழையாகவே தெரியும்.

ஒலியை எங்கே வெட்டுவது?

படத்தை வெட்டும் இடத்திலேயே ஒலியையும் வெட்டுவது தொடக்கக்காரரின் வழக்கம். அடுத்த காட்சியின் ஒலி ஒரு செக்கன் முந்தி வரட்டும். அல்லது முந்திய காட்சியின் குரல் அடுத்த படத்தின் மேலும் சிறிது தொடரட்டும். இரண்டு காட்சிகளையும் ஒலி தைத்துவிடும். ஒருவர் பேசும்போது கேட்பவரின் முகத்தைக் காட்ட வழி கிடைப்பதும் இதனால்தான். நேர்காணல்களில் பேசுபவரைவிடக் கேட்பவரே சில வேளை அதிகம் சொல்கிறார்.

வன்னியில் ஒலியைக் கையாள்வதில் ஒரு தனிக் கவனம் வேண்டும். யானை புகுந்த வயலைப் பற்றி ஒரு மாணவர் குறும்படம் எடுத்தார். உறங்கும் கிழவரின் முகத்தில் நீண்ட அமைதி, அதன் மேல் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் யானைவெடி. கைதேர்ந்த வெட்டுத்தான். பொதுநோக்கு மண்டபத்தில் திரையிட்டபோது, அந்தச் சத்தத்தோடு முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் படத்துக்குள் திரும்பி வரவில்லை. பிறகு அந்த இடத்தில் வெடியின் திரியைப் பற்றவைக்கும் கையை முன்னால் சேர்த்தோம். சத்தம் அதேதான். ஆனால் வரப்போவது என்ன, எங்கிருந்து வருகிறது என்று இப்போது மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். திடுக்கிடல் போய் எதிர்பார்ப்பு வந்தது. கதையும் அதனால் தெளிவானது.

கொடுமையைக் காட்டாமல் உணர்த்த முடியுமா? போர்க்காலக் காட்சிகளைப் பயன்படுத்தலாமா?

முதற் கேள்விக்கு இயக்குநர் ஹிட்ச்கொக் 1960இல் பதில் சொல்லிவிட்டார். சைக்கோ படத்தின் குளியலறைக் கொலையில் கத்தி, கை, நீர், திறந்த வாய் எனத் துண்டு துண்டான ஷொட்டுகள்தான் பாய்கின்றன. உடலைக் கத்தி கிழிப்பதைக் கண்டதாக நினைப்பவர்கள் பெரும்பாலும் தம் மனத்தில் கண்டதையே சொல்கிறார்கள். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று எண்ணியிருந்த ஹிட்ச்கொக், இசையமைப்பாளர் பேர்னார்ட் ஹேர்மனின் வயலின் கீச்சொலியைக் கேட்ட பிறகு மனம் மாறினார்.

இரண்டாவது கேள்வி கடினமானது. 2009இன் காட்சிகள் இணையத்தில் எவர் கைக்கும் எட்டும் தூரத்தில் கிடக்கின்றன. குறும்படத்தில் அழுத்தம் போதவில்லை என்று தோன்றும்போது அவற்றிலிருந்து மூன்று செக்கனை எடுத்துச் செருகும் ஆசை வரும். நான் வேண்டாம் என்பேன். அந்தத் துண்டில் கிடப்பவர் யாரோ ஒருவரின் தாய், தகப்பன், பிள்ளை. திரைக்கு முன்னால் இருக்கும் கூட்டத்தில் அவரைத் தேடிக்கொண்டிருப்பவர் இருக்கக்கூடிய ஊர் இது. வேறோர் இடத்தில், வேறோர் நாளில் எடுக்கப்பட்ட காட்சியை நம் கதைக்குள் ஒட்டும்போது, அது எங்கே எப்போது எடுக்கப்பட்டது என்ற உண்மையும் அழிகிறது. பின்னொரு நாள் அது சாட்சியாகத் தேவைப்பட்டால், நம் வெட்டே அதற்கு எதிராக நிற்கும். சாட்சியாக அக்காட்சிகளைத் தொகுப்பவர்கள் நாளும் இடமும் குறித்து, வரிசையை மாற்றாமல், இசை சேர்க்காமல் தொகுக்க வேண்டும். கதைப்படம் எடுப்பவருக்கு வேறு வழிகள் உண்டு. நந்திக்கடலோரம் காற்றில் அசையும் புல்லையும், வாசலில் இன்னும் அகற்றாமல் வைத்திருக்கும் ஒரு சைக்கிளையும் அடுத்தடுத்து வையுங்கள். மிச்சத்தை இங்கே பார்ப்பவர்கள் தாங்களே கொண்டுவருவார்கள்.

கலியாண வீடியோவுக்கும் இவை பொருந்துமா?

பொருந்தும். தாலி கட்டும் வேளையில் மெதுவோட்டமும் பூ விழும் மாயங்களும் கேட்பார்கள், செய்து கொடுங்கள். ஆனால் அந்தக் கணத்தில் பெண்ணின் தகப்பனுடைய முகத்தை ஒரு கமரா பிடித்திருக்க வேண்டும். பத்து ஆண்டுகளின் பின் அந்தக் குடும்பம் திருப்பி ஓடவிட்டுப் பார்ப்பது அதைத்தான்.

எந்த மென்பொருள் நல்லது?

டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பே கற்பதற்கும் குறும்படத்துக்கும் போதும். பழைய மடிக்கணினி தடுமாறினால், தரம் குறைந்த பிரதிகளை உருவாக்கி அவற்றில் தொகுத்து, இறுதியில் மூலக் காட்சிகளுக்கு மாறிக்கொள்ளலாம். மூலக் காட்சிகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள்.

பெண் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

சினிமாவின் தொடக்க காலத்திலிருந்தே அவர்கள் இந்த மேசையில் இருக்கிறார்கள். பாலைவனச் சூரியோதயத்துக்குத் தாவும் புகழ்பெற்ற வெட்டைக் கொண்ட லோறன்ஸ் ஒஃப் அரேபியாவைத் தொகுத்து ஒஸ்கார் பெற்றவர் ஆன் கோட்ஸ். தெல்மா ஸ்கூன்மேக்கர் அவ்விருதை மூன்று முறை பெற்றவர். நம் நாட்டில் கம்பெரலிய என்ற சிங்களப் படத்தைத் தொகுத்த சுமித்ரா பீரிஸ், 1978இல் தன் முதற் படத்தையும் இயக்கினார். எனக்குத் தெரிந்த அளவில் மிகப் பொறுமையாகக் காட்சிகளைப் பார்ப்பவர்கள், எங்கள் மேசைக்கு வரும் பெண் பிள்ளைகளே.

தொகுப்பு முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

மேசையில் இருந்தபடி தெரியாது. நூறு முறை பார்த்த வெட்டை நூற்றோராவது முறை உணர முடியாது. ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, அயலவர் பத்துப் பேரை அழைத்துப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்க வேண்டாம். ஒரு பக்கமாக முன்னால் இருந்து அவர்களைப் பாருங்கள். எங்கே கதிரைகள் அசைகின்றன, எங்கே ஒரு கைத்தொலைபேசி வெளிச்சம் எழுகிறது, எங்கே பக்கத்தில் இருப்பவரிடம் "இவர் ஆர்?" என்று கேட்கிறார்கள் என்று நிமிடக் கணக்கோடு குறித்துக்கொள்ளுங்கள். படம் எப்படி இருந்தது என்று கேட்டால் நல்லது என்றுதான் சொல்வார்கள். அவர்கள் அசைந்த இடங்களின் குறிப்பை நம்புங்கள்.

மெய்யான மனிதர்களைப் படம்பிடித்திருந்தால், இதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. படத்தில் முகம் வருபவர்களின் வீட்டுக்கு மடிக்கணினியைக் கொண்டுபோய், விறாந்தையில் வைத்து, அவர்களுக்கே முதலில் போட்டுக் காட்டுகிறேன். "நான் அப்ப வேற யோசினையில நிண்டனான்" என்று ஒருவர் சொல்லும் இடத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து, மறுநாட் காலை அந்த இடத்திலிருந்தே வேலையைத் தொடங்குகிறேன்.